ஒத்தைக்கை மாமாவின் குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பல வருடங்களாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்கு வயது 41. சிறுவயதில் என்னிடம் ஒரு ரோபோ பொம்மை இருந்தது. அதன் கார்ட்டூனையும் ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பொம்மையை வைத்து ஓர் அனிமேஷன் படம் வரப்போகிறது. டிரெய்லர் இரண்டு நிமிடம்தான். பார்த்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிடமே எரிச்சல் வந்தது. என் பால்யத்தை எடுத்து எனக்கே விற்கிறார்கள் என்று தோன்றியது. படம் என்ற பெயரில் ஒன்றரை மணி நேர விளம்பரம்தானே இது? ஆனால் டாய் ஸ்டோரியும் லெகோ படமும் நன்றாகத்தான் இருந்தன. மிக்கி மவுஸ் காலத்திலிருந்தே படமும் பொம்மையும் சேர்ந்துதானே விற்கின்றன என்றும் மனம் சமாதானம் சொல்கிறது. எது சரி என்று தெரியவில்லை.

மகளுக்கு ஏழு வயது. அவளைப் படத்துக்குக் கூட்டிப்போகலாமா? அந்தப் பொம்மையின் அருமை அவளுக்குத் தெரியாது. என்னுடையதை அதன் அட்டைப்பெட்டியோடு கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், அவள் எடுத்தால் உடைத்துவிடுவாள் என்ற பயத்தில். படத்தைப் பார்த்தாலாவது மதிப்பு புரியும் என்று ஒரு நினைப்பு.

உங்களைப் போலத் தீவிரமாக எழுதுகிறவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். தோன்றினால் பதில் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அற்ப விஷயம் என்று நீங்களே ஏன் முந்திக்கொண்டு சொல்கிறீர்கள்? ஏழு வயதுப் பிள்ளை எதை வைத்து விளையாடுகிறது, விளையாடும்போது என்ன பேசுகிறது என்பதைவிடப் பெரிய விஷயங்கள் எனக்கு அதிகம் தெரியாது. இனி யாருக்கு எழுதினாலும் அந்தக் கடைசி வரியை எழுதாதீர்கள். நமக்கு முக்கியமானதை நாமே சிறியது என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குகிறவரும் சிறியதாகத்தான் வாங்கிக்கொள்வார்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு பொம்மையைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை வீடு மாறினாள். பெட்டிகளைப் பிரித்து அடுக்க உதவிக்குப் போயிருந்தேன். நூல்கண்டும் பித்தானும் போட்டு வைத்த ஒரு பழைய தகர டப்பாவுக்குள் அவன் கிடந்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

டிரெய்லரைப் பார்த்துக் கண் கலங்கியதில் தப்பே இல்லை. அதற்காக வெட்கப்பட வேண்டாம். மிக்கி மவுஸ் வாதத்தை விட்டுவிடுவோம். அங்கே படம் முதலில் வந்தது, பொம்மை பின்னால் வந்தது. நாம் பேசுவது தலைகீழான விஷயம். ஆனால் ‘என் பால்யத்தை எடுத்து எனக்கே விற்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

தம்பி, இப்போது விற்கிறார்கள் என்றால், அப்போது என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

1969-இல் அமெரிக்காவில் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் பெயரிலேயே ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. போட்டி பொம்மை நிறுவனம் ஒன்று, இது நிகழ்ச்சியே இல்லை, அரை மணி நேர விளம்பரம் என்று அரசின் தகவல்தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. புகாரில் நியாயம் இருப்பதாக ஆணையமும் சொன்னது. அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த வழியில் போக எல்லாருக்கும் தயக்கம் இருந்தது. ரீகன் ஆட்சியில் மார்க் ஃபௌலர் ஆணையத்தின் தலைவராக வந்தார், கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஹீ-மேன் பொம்மை 1982-இல் கடைக்கு வந்தது, 1983-இல் தொடர் வந்தது. 1984-இல், குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நடுவே எவ்வளவு நேரம் விளம்பரம் போடலாம் என்றிருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். வண்டியாக மாறுகிற ரோபோக்களான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்ததும் அதே 1984-இல்தான்.

உங்கள் ரோபோ எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் பிறந்த கதை ஏறக்குறைய ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் டகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோமேன் என்ற இரண்டு வரிசைகளில் விற்றுக்கொண்டிருந்த பொம்மைகள் அவை. டயாக்ளோனில் அந்த ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. விரல் நுனி அளவுக்கு ஒரு குட்டி மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற இயந்திரங்கள். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ உரிமை வாங்கி, மார்வெல் காமிக்ஸ்காரர்களிடம் கொடுத்துப் பெயரும் குணமும் எழுதித் தரச் சொன்னது. பாப் புடியான்ஸ்கி என்ற எழுத்தாளர் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வைத்தார், இவன் கோபக்காரன், இவன் பயந்தவன் என்று குறிப்பு எழுதினார். அதே அச்சு, அதே பிளாஸ்டிக். கடல் தாண்டியதும் ஓட்டுநர் இறங்கிவிட்டார், வண்டிக்கு உயிர் வந்துவிட்டது.

1986-இல் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நல்ல ரோபோக்களின் தலைவனான ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றார்கள். பழைய பொம்மைகளை நிறுத்திவிட்டுப் புதிய வரிசையைக் கடைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது, அதனால் கொன்றார்கள். தியேட்டரில் பிள்ளைகள் அழுதார்கள். அழுகை பெரிதானதும் அடுத்த வருடமே தொடரில் அவனை உயிரோடு எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அதே நிறுவனத்தின் ஜி.ஐ. ஜோ படத்தில் சாக வேண்டியிருந்த ஒருவனை, இந்த அழுகையைப் பார்த்தபின், சாகவிடாமல் கோமாவில் கிடத்தினார்கள். ஒரு பிள்ளை முதன்முதலாக மரணத்தைப் பார்த்து அழுவது எவ்வளவு பெரிய காரியம்! அது நடக்க வேண்டிய நாளைக் கடைச் சரக்குப் பட்டியல் முடிவு செய்தது.

அதனால் ‘விற்கிறார்கள்’ என்று இன்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கும் விற்றார்கள். உங்களுக்கு அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. நீங்கள் ஏங்குகிற அந்தக் கார்ட்டூன் உங்களுடையதே இல்லை. அதைத் திருடிக்கொண்டார்கள் என்று அழ உங்களுக்கு உரிமை இல்லை.

உங்களுடையது என்று ஒன்று இருந்தது. கார்ட்டூன் முடிந்து, டிவியை அணைத்தபிறகு, தரையில் உட்கார்ந்து அந்த ரோபோவைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்களோ அது. அதை எந்த ஸ்டூடியோவும் படமெடுக்க முடியாது. அவர்களுக்கு அது தெரியாது. உலகத்திலேயே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டிரெய்லரின் நீளம் இருக்கிறது, அட்டைப்பெட்டி இருக்கிறது, கண்ணாடி அலமாரியின் பூட்டு இருக்கிறது. நீங்கள் என்ன விளையாடினீர்கள் என்று ஒரு வரி இல்லை. ரோபோவுக்கு நீங்கள் வைத்த பெயர் இல்லை. அவன் எங்கே தூங்குவான், யாரோடு சண்டை போடுவான், கட்டிலுக்கடியில் எந்த ஊருக்குப் போவான், ஒன்றுமே இல்லை. மறந்துவிட்டதா, இல்லை ஆரம்பத்திலிருந்தே கார்ட்டூனில் வந்த பெயர்தானா? கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பாருங்கள்.

இப்போது தகர டப்பாவுக்கு வருகிறேன்.

அவன் உள்ளங்கை நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் வீரன். யாரோ விளையாடி முடித்து, கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தவன். வரும்போதே இடது கை இல்லை. முகத்தின் சாயம் பாதி உரிந்திருந்தது, புருவம் மட்டும் கறுப்பாக நெற்றிவரை ஏறியிருக்கும். மார்பில் ஏதோ ஒரு சின்னம். அவன் யார், எங்கே செய்தது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அவனுக்கு ஒத்தைக்கை மாமா என்று பெயர் வைத்தோம்.

என் தங்கை அப்போது திக்கித் திக்கிப் பேசுவாள். லேசான திக்கல் இல்லை. ஒரு சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறு சொல்லுக்குப் போவாள். தன் பெயரைச் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஏனென்றால் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

ஒத்தைக்கை மாமா திக்கியதே இல்லை.

அவர் டாக்டர். மற்ற எல்லாப் பொம்மைகளுக்கும் வைத்தியம் பார்ப்பார். கொஞ்சம் கரகரத்த, மெதுவான குரல். “எங்கே வலிக்குது? இங்கேயா? சரி, சரி. எனக்கும் ஒரு கை போனப்ப வலிச்சுது. அப்புறம் பழகிடுச்சு.” இதைத் தங்கை ஒரே மூச்சில் சொல்வாள். ஒரு எழுத்துகூடத் தடுக்காது. நான் நோயாளிப் பொம்மைகளை வரிசையாகக் கொண்டுவந்து கொண்டே இருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடிக்காது. அந்தக் குரலைக் கேட்கத்தான் கொண்டுவருவேன். பொம்மையை வைத்துப் பேசும்போதும், நாடகத்தில் வேறொருவராக நின்று பேசும்போதும், பாடும்போதும் திக்கல் விலகி நிற்பது பலரிடம் உண்டு என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது மந்திரமாகத்தான் இருந்தது. அவளுக்குள் ஒரு தடையில்லாத பேச்சு முழுசாக இருந்தது. வெளியே வர அதற்கு ஒரு வாய் தேவைப்பட்டது. பாதி முகம் அழிந்த ஒரு பிளாஸ்டிக் வாய்.

ஒருநாள் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். எங்களைவிட இரண்டு வயது பெரியவன். ஒத்தைக்கை மாமாவைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டான். “ஏய், இவனா! இவன் வில்லன். கார்ட்டூன்ல வருவான். பார், புருவத்தைப் பார்த்தாலே தெரியலையா? இவன் இப்படித்தான் சிரிப்பான்” என்று ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டினான். தொண்டையிலிருந்து உருண்டு வந்த பெரிய சிரிப்பு. பிறகு உண்மையான பெயரைச் சொன்னான். இவன் எத்தனை பேரைக் கொன்றான், எந்தக் கோட்டையில் இருக்கிறான் என்றெல்லாம் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தங்கை “இ… இ… இல்லை, இவர் டா… டா…” என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. தனக்குத் தெரிந்ததை எங்களுக்குத் தர வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னான்.

அவன் போனபிறகு நான் வழக்கம்போல ஒரு நோயாளியைக் கொண்டுபோனேன். தங்கை மாமாவைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தாள். அவனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். புருவத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். “வரலை” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

நாற்பது வருடம் ஆகப்போகிறது. பொம்மைகளை வைத்து எடுக்கிற படங்கள்மேல் எனக்கு இருக்கிற சந்தேகம் முழுக்க அந்த ‘வரலை’யிலிருந்து வந்தது. விளம்பரம், வியாபாரம் என்று நீங்கள் எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் எனக்கு அது இரண்டாவது விஷயம். காசு வாங்கிக்கொண்டு கதை சொல்வது பாவமில்லை. பொம்மைக்கு அவர்கள் ஒரு குரல் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்கு முதல் விஷயம். பொம்மைக்குக் குரல் இல்லாமலிருப்பதைக் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குரல் இல்லாத அந்த இடத்தில்தான் பிள்ளை இருக்கிறது. நீங்கள் பெரிய நடிகரைக் கூட்டிவந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறுத்தி, அந்த இடத்தை நிரப்பிவிட்டால் பிள்ளை எங்கே போகும்?

பட்டினப்பாலையில் பிள்ளைகள் ‘புரவியின்று’ முக்கால் சிறுதேரை உருட்டுகிறார்கள். புரவி இன்று என்றால் குதிரை பூட்டாமல். மூன்று சக்கரத் தேர் இருக்கிறது, குதிரை மட்டும் இல்லை. உருட்டுகிற பிள்ளையே குதிரை, அதுவே தேர்ப்பாகன், அதுவே உள்ளே உட்கார்ந்திருக்கிற ராஜா. மரத்தில் ஒரு குதிரையைச் செதுக்கிப் பூட்டிவிட்டால் தேர் அழகாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு மூன்று வேலை போய்விடும்.

நல்ல பொம்மை செய்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் 1952-இல் வந்தபோது அதில் உடம்பே கிடையாது. கண், மூக்கு, வாய், தொப்பி என்று உறுப்புகள் மட்டும்தான் பெட்டிக்குள். உருளைக்கிழங்கைப் பிள்ளையே எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் உடம்பு 1964-இல்தான் சேர்ந்தது. ஹான்ஸ் பெக் வடிவமைத்து 1974-இல் வந்த பிளேமொபில் பொம்மை மனிதர்களுக்கு மூக்கு கிடையாது. இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு, குழந்தைகள் தாங்களே வரைகிற முகம். 1978-இல் வந்த லெகோ மனிதர்கள் எல்லாருக்கும் பதினோரு வருடம் ஒரே முகம்தான். 1989-இல் கடற்கொள்ளையர் வரிசை வந்தபோதுதான் தாடியும் கண்பட்டையும் வேறு வேறு முகமும் வந்தன. அதுவரை போலீஸ்காரனுக்கும் விண்வெளிக்காரனுக்கும் அதே சிரிப்பு. எவன் நல்லவன், எவன் கெட்டவன் என்பதைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை அன்றன்றைக்கு முடிவு செய்துகொள்ளும். நெற்றிவரை ஏறுகிற புருவம் அங்கே கிடையாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒத்தைக்கை மாமா ஞாபகம்தான்.

இது ஏதோ என் சொந்த வாதம் என்று நினைக்காதீர்கள். பொம்மை நிறுவனமே ஒருமுறை இதைச் சொல்லியிருக்கிறது. 1995-இல் வந்த டாய் ஸ்டோரிக்கு பார்பியைக் கேட்டார்கள், பார்பியைச் செய்கிற மேட்டல் நிறுவனம் மறுத்துவிட்டது. படத்தை எடுத்தவர்கள் பின்னால் சொன்ன காரணம் இது: பார்பியோடு விளையாடும் ஒவ்வொரு சிறுமியும் தன் மனதை அந்தப் பொம்மைக்குள் வைக்கிறாள், படத்தில் பார்பிக்கு ஒரு குரலும் குணமும் கொடுத்துவிட்டால் அது எல்லாச் சிறுமிகளின் கனவாகவும் இருக்காது என்று நிறுவனம் நினைத்தது. எவ்வளவு சரியான நினைப்பு! அந்தப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபின் 1999-இல் இரண்டாம் பாகத்தில் பார்பி வந்து பேசினாள். 2001-இலிருந்து அவளுக்கென்றே வரிசையாக அனிமேஷன் படங்கள் வந்தன. 1995-க்கும் 1999-க்கும் இடையில் சிறுமிகள் மாறிவிட்டார்களா? கணக்குதான் மாறியது. தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கலாம். இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, நீங்கள் கேட்ட இரண்டு படங்கள். இரண்டும் எனக்கும் பிடிக்கும். ஏன் பிடிக்கிறது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். டாய் ஸ்டோரியில் வரும் முக்கியப் பொம்மைகளான வுட்டியும் பஸ்ஸும் அதற்கு முன் எந்தக் கடையிலும் இருந்ததில்லை, கதைக்காகப் பிறந்தவர்கள். எந்தப் பிள்ளையின் குரலையும் அவர்கள் பிடுங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. படத்தின் முதல் காட்சியை மறுபடி பாருங்கள். பொம்மைகளின் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டி விளையாடுகிறான். பொட்டேட்டோ ஹெட் கொள்ளைக்காரன். அவனுக்குப் பேசுவதும் ஆண்டி, மற்றவர்களுக்குப் பேசுவதும் ஆண்டி. பொம்மைகள் பேச்சு மூச்சில்லாமல் அவன் கையில் கிடக்கின்றன. பிள்ளை அறைக்குள் இருக்கும்வரை பொம்மைகள் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த உலகத்தின் சட்டம். அந்த மரியாதையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

2014-இல் வந்த லெகோ படம் அசல் சரக்கை வைத்து எடுத்தது, விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் கதவு திறக்கிறது. இவ்வளவு நேரம் நாம் பார்த்த கதை, கேட்ட பேச்சு எல்லாம் ஒரு சிறுவன் நிலவறையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டு. குரலைத் திரும்ப அந்தப் பையனிடமே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அந்தப் படத்தை மன்னித்துவிட்டேன். டென்மார்க்கில் மரவேலைக்காரர் தாமஸ் டாம் 1959-இல் தன் மகளுக்காகச் செதுக்கிய பொம்மையிலிருந்து வந்த டிரால்களை, 2016-இல் பாடி ஆடுகிற கூட்டமாக்கிப் படமெடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது, இருக்கட்டும். 2019-இல் பிளேமொபில் படம் வந்தது. அந்த மூக்கில்லாத அமைதியான முகங்கள் இடைவிடாமல் பேசின, பாடின. யாரும் போய்ப் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் உழைத்திருப்பார்கள், தோற்றதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை.

லெகோ படத்தில் அந்தப் பையனின் அப்பாவை ஞாபகம் இருக்கிறதா? நிலவறை முழுக்க நகரம் நகரமாகக் கட்டி வைத்திருப்பார். யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார். கலைந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டத் தயாராக இருப்பார். பையனின் விளையாட்டில் அந்தப் பசைதான் உலகத்தை அழிக்க வரும் ஆயுதம். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிற லெகோ கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணிதக்காரர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பசையைத் தடவினால் ஒரே விதம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது படம் இல்லை, அந்தக் கண்ணாடி அலமாரி. வீட்டிலேயே பொம்மை இருக்கிறது. அதன்மேல் ஆசைப்படுகிற வயதில் மகள் இருக்கிறாள். அவள் தொடக் கூடாது. தொடாமல், எங்கேயோ யாரோ எடுத்த படத்தைப் பார்த்து அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்! நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். அட்டைப்பெட்டி கசங்காமல் இருப்பது யாருக்கு நல்லது? ஏலத்தில் வாங்குகிறவனுக்கு நல்லது. விற்கப்போகிறீர்களா? இல்லையென்றால் பூட்டு எதற்கு? உங்களுக்கு அதை வாங்கித் தந்தவர்கள் பூட்டித் தந்தார்களா? ஏழு வயதில் நீங்கள் அதைத் தரையில் போட்டு இழுத்தீர்கள், வாயில் வைத்துக் கடித்தீர்கள், தண்ணீரில் முக்கினீர்கள். அதனால்தான் 41 வயதில் கண் கலங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பொம்மைக்காக எந்தப் பிள்ளையும் பின்னாளில் அழாது. அவள் உடைத்துவிடுவாள் என்கிறீர்கள். உடைக்கட்டும். ஒத்தைக்கை மாமாவுக்குக் கை இருந்திருந்தால் அவர் டாக்டர் ஆகியிருக்க மாட்டார்.

கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ? உங்கள்மேல் எனக்கு அன்புதான். பூட்டி வைக்கிற ஆசை எனக்கும் புரியும். நாம் ஒருகாலத்தில் கவலையில்லாமல் இருந்தோம் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. அது உடைந்தால் சாட்சி போய்விடும் என்று பயமாக இருக்கிறது. நானும் அன்றைக்குத் தங்கையின் தகர டப்பாவைத் திறந்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவனை எடுத்துத் துடைத்து, என் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளப் போனேன். எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதற்குள் தங்கையின் மகன் பார்த்துவிட்டான். ஆறு வயது. “பெரியம்மா, இது யாரு?” என்றான்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒத்தைக்கை மாமா, டாக்டர், உங்க அம்மாவோட குரல், எல்லாவற்றையும் கொட்டிவிடத் துடித்தேன். தங்கை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்பது போல. இப்போது அவள் நாள் முழுக்கப் பேசுகிற வேலையில் இருக்கிறாள். திக்கல் போய்விடவில்லை. வந்தால் நிற்பாள், மூச்சு எடுத்துக்கொள்வாள், அவசரப்படாமல் தொடர்வாள், கேட்கிறவர்கள் காத்திருப்பார்கள். மகன் பக்கம் திரும்பி, “தெ… தெரியலையே. நீதான் கேட்டுச் சொல்லணும்” என்றாள்.

அவன் வாங்கிப் பார்த்தான். கை இல்லாத ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டான். உரிந்த முகத்தைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். அப்புறம், “இவன் கிரேன் ஓட்டுறவன். பேசமாட்டானாம்” என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். அன்று சாயங்காலம் முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிரேன் ஓடிக்கொண்டிருந்தது, விசில் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் இருவரும் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். தங்கைக்குக் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

படத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டிப்போங்கள், போகாவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் படம் வர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அலமாரியைத் திறந்து, பெட்டியைப் பிரித்து, ரோபோவை அவள் கையில் கொடுங்கள். பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அவன் நல்லவன் என்றும் சொல்லாதீர்கள். கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், எட்டிப் பார்க்காமல். அவன் என்ன குரலில் பேசுகிறான் என்று காது கொடுத்துக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா